அகத்தியருக்குப் பக்கத்தில் ஒரு புயல்!

குட்டீஸ், இன்று உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். பயப்படாதீர்கள், நோட்டும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். மார்ச் மாதத் தொடக்கத்தில், நிலா இல்லாத ஓர் இரவில், ஒன்பது மணிக்கு அப்பாவையோ அக்காவையோ கூட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். மாடி இல்லாதவர்கள் தெருவிளக்கு வெளிச்சம் படாத கண்மாய்க் கரைக்குப் போகலாம். தெற்கு நோக்கி நில்லுங்கள்.

வலது பக்கம், நல்ல உயரத்தில், கண்ணைப் பறிக்கும்படி ஒரு வெள்ளை நட்சத்திரம் தெரிகிறதா? அதுதான் சிரியஸ். இரவு வானத்திலேயே மிகப் பிரகாசமான நட்சத்திரம் அதுதான். அப்படியே பார்வையைக் கீழே இறக்குங்கள். அடுத்த பிரகாசமான நட்சத்திரம் ஒன்று தெரியும். அதை நம் பெரியவர்கள் அகத்தியர் நட்சத்திரம் என்பார்கள். விஞ்ஞானிகள் வைத்த பெயர் கனோபஸ்.

இப்போது இடது கையை முழுதாக நீட்டி, சாண் அளப்பது போல விரல்களை விரியுங்கள். அகத்தியரின் மேல் கட்டை விரல் நுனியை வையுங்கள். இடது பக்கம், சற்றே மேலே, சாண் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நட்சத்திரம் இருக்கும். அதன் பெயர் காமா வெலோரம். அந்தப் பக்கத்தில் ஏறக்குறைய அதே பிரகாசத்தில் இன்னும் சில நட்சத்திரங்களும் உண்டு. குழப்பமாக இருந்தால் அண்ணனின் செல்போனில் நட்சத்திர வரைபடம் போட்டுச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

பார்த்தால் எல்லா நட்சத்திரங்களையும் போலச் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே இரவு பகல் பாராமல் ஒரு பயங்கரமான புயல் அடித்துக் கொண்டிருக்கிறது. ஒரு புயல்கூட அல்ல, இரண்டு புயல்கள். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக் கொண்டிருக்கின்றன!

லண்டனில் இருக்கும் பிள்ளைகள் எவ்வளவு உயரமான கட்டடத்தில் ஏறி நின்றாலும் இந்த நட்சத்திரத்தைப் பார்க்க முடியாது. அங்கே அது உதிப்பதே இல்லை. டில்லியில் அடிவானத்தை ஒட்டி எட்டிப் பார்க்கும். நம் புதுக்கோட்டைக்கோ நல்ல உயரத்தில் வருகிறது. அது மட்டுமா? இந்த நட்சத்திரத்தின் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

ரோமாபுரியிலிருந்து வந்தவர்

1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12. தென்னிந்தியாவில் காலை நேரத்தில் முழு சூரிய கிரகணம் வந்தது. சந்திரனின் நிழல் கேரளக் கரையில் உள்ள பேக்கல் என்ற இடத்தில் ஏறி, நீலகிரியைக் கடந்து, புதுக்கோட்டை வழியாக ஓடி, கடல் தாண்டி யாழ்ப்பாணம் போனது. முழு இருட்டு நீடித்தது ஏறத்தாழ இரண்டே நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்காக ஐரோப்பாவிலிருந்து விஞ்ஞானிகள் கப்பல் ஏறி வந்து, ஆளுக்கோர் ஊராகப் பிரிந்து போய்க் காத்திருந்தார்கள். ஓர் ஊரில் மேகம் மறைத்தாலும் இன்னோர் ஊரில் தெரியும் அல்லவா?

அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். ராமச்சந்திர தொண்டைமான் மன்னராக இருந்தார். அந்தப் புதுக்கோட்டைக்கு வந்து சேர்ந்தவர் லோரென்சோ ரெஸ்பிகி. ரோம் நகரத்து வானாய்வகத்தின் தலைவர். அவர் தன் தொலைநோக்கியின் முன்னால் ஒரு முப்பட்டகக் கண்ணாடியைப் பொருத்தியிருந்தார். வெயிலில் பிடித்தால் சுவரில் வானவில் விழுமே, அந்தக் கண்ணாடிதான். சூரியன் மறைந்ததும் அதைச் சுற்றியிருந்த ஒளி, தனித்தனி நிற வளையங்களாகப் பிரிந்து அவருக்குத் தெரிந்தது.

(நீங்கள் கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது, தொலைநோக்கியால் பார்க்கவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.)

ரெஸ்பிகி அதே பயணத்தில் சென்னையில் இருந்தபோது, சென்னை வானாய்வகத் தலைவர் நார்மன் போக்சனுடன் சேர்ந்து இரவு வானத்தையும் பார்த்தார். அப்போது காமா வெலோரத்தின் ஒளியையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. பெரும்பாலான நட்சத்திரங்களின் வானவில்லில் ஆங்காங்கே மெல்லிய கறுப்புக் கோடுகள்தான் இருக்கும். இதில் தலைகீழாகப் பளிச்சென்ற பட்டைகள் இருந்தன!

இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் மூன்றை 1867-இல் பாரிஸ் நகரத்தில் வுல்ஃப், ரயே என்ற இருவர் கண்டுபிடித்திருந்தார்கள். அதனால் இந்த வகைக்கு வுல்ஃப்-ரயே நட்சத்திரங்கள் என்று பெயர். பாவம், இந்த வகையிலேயே மிகப் பிரகாசமான காமா வெலோரம் பாரிஸிலிருந்து தெரியாது. அது தென்னாட்டு வானத்துச் சொத்து.

அந்தப் பட்டைகள் ஏன் அவ்வளவு அகலமாக இருக்கின்றன என்பது பல ஆண்டுகள் புதிராகவே இருந்தது. 1929-இல் கனடா நாட்டு விஞ்ஞானி பீல்ஸ் விடை சொன்னார். நட்சத்திரத்திலிருந்து வாயு நாலாபுறமும் அசுர வேகத்தில் வெளியே பாய்கிறது. அந்த வேகம்தான் கோடுகளை இழுத்து அகலமாக்குகிறது.

கஜாவைவிட 50 ஆயிரம் மடங்கு

எவ்வளவு வேகம் தெரியுமா? 2018 நவம்பரில் வந்த கஜா புயலை உங்கள் வீட்டில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே இரவில் நம் மாவட்டத்தில் தென்னந்தோப்புகள் எப்படிச் சாய்ந்தன என்று தாத்தாவைக் கேளுங்கள். அந்தக் காற்றின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். காமா வெலோரத்தின் வுல்ஃப்-ரயே நட்சத்திரத்திலிருந்து வீசும் காற்றின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 கி.மீ. மணிக்கு அல்ல குட்டீஸ், விநாடிக்கு! புதுக்கோட்டையில் கிளம்பினால் கால் விநாடியில் சென்னையைத் தாண்டிவிடும். கஜாவைப் போல 50 ஆயிரம் மடங்கு என்று வைத்துக் கொள்ளுங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காற்று நம் காற்றைப் போல அடர்த்தியானது இல்லை, மிக மிக மெல்லியது. வேகம்தான் அசுரத்தனமே தவிர, தென்னை மரத்தைச் சாய்க்கும் கனம் அதற்குக் கிடையாது. ஆனாலும் மொத்தமாகக் கணக்குப் பார்த்தால், ஓர் ஆண்டில் பூமியைப் போலச் சில மடங்கு எடையுள்ள பொருளை அந்த நட்சத்திரம் ஊதித் தள்ளிவிடுகிறது. நம் சூரியனிலிருந்தும் காற்று வீசுகிறது. ஆனால் அது இழக்கும் பொருள் இதில் கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

காற்றை இப்படித் தள்ளுவது யார்? வெளிச்சம்தான். வெளிச்சம் ஒரு பொருளின் மேல் படும்போது அதை லேசாகத் தள்ளும். டார்ச் விளக்கு அடித்தால் நமக்குத் தெரியாது. ஆனால் லட்சம் சூரியன்களைவிடப் பிரகாசமான நட்சத்திரம் என்றால், அந்த வெளிச்சமே தன் மேல்பரப்பில் உள்ள வாயுவை வெளியே உந்தித் தள்ளிவிடும்.

சரி, இரண்டு புயல் என்றேனே, இன்னொன்று எங்கே? காமா வெலோரம் தனி ஆள் இல்லை, இரட்டையர். வுல்ஃப்-ரயே நட்சத்திரத்தின் எடை இன்று சூரியனைப் போலச் சுமார் 9 மடங்கு. அதன் ஜோடி இன்னும் பெரியது, சுமார் 28 மடங்கு. நமக்கும் சூரியனுக்கும் எவ்வளவு தூரமோ, அதைவிடச் சற்றே அதிக இடைவெளியில் இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. ஒரு சுற்றுக்கு எழுபத்தெட்டரை நாள். ஜோடியிடமிருந்தும் அதே போல் காற்று வீசுகிறது. எதிரெதிரே வரும் இரண்டு காற்றும் நடுவில் முட்டிக் கொள்கின்றன.

தோட்டத்தில் இரண்டு ரப்பர் குழாய்களை எதிரெதிரே பிடித்துத் தண்ணீரைத் திறந்து பாருங்கள். அம்மாவிடம் அனுமதி வாங்கிவிட்டு! இரண்டு தண்ணீரும் மோதும் இடத்தில் தட்டையாக ஒரு விசிறி விரியும். ஒரு குழாயில் வேகத்தைக் கூட்டினால் விசிறி மறுபக்கம் குவிந்து வளையும். காற்றில் மடங்கிய குடை மாதிரி. காமா வெலோரத்திலும் இதேதான். வுல்ஃப்-ரயேயின் காற்று வலிமையானது என்பதால், மோதும் பரப்பு அடுத்த நட்சத்திரத்தைச் சுற்றி வளைந்து நிற்கிறது. மோதும் இடத்தில் வாயு கோடிக்கணக்கான டிகிரிக்குச் சூடாகிறது.

பந்து விளையாட்டு

இத்தனை பெரிய மோதலில் சூடு மட்டும்தானா உண்டாகும்? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஒரு விளையாட்டைக் கற்பனை செய்யுங்கள். குமாரும் செல்வியும் ஆளுக்கொரு பலகையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்கிறார்கள். நடுவில் ஒரு ரப்பர் பந்து. இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் ஓடி வருகிறார்கள். பந்து குமாரின் பலகையில் பட்டுத் தெறிக்கிறது. பலகையே முன்னோக்கி வருவதால், வந்ததைவிட வேகமாகத் திரும்புகிறது. கிரிக்கெட்டில் மட்டையைச் சும்மா வைத்துத் தடுப்பதற்கும் வீசி அடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். பிறகு செல்வியின் பலகை, மறுபடி குமாரின் பலகை... ஒவ்வொரு தடவையும் வேகம் கூடிக்கொண்டே போகும்.

காற்றுகள் மோதும் இடத்தில் பலகைகளுக்குப் பதிலாக வேகமாகப் பாயும் வாயுவும் அதில் சிக்கிய காந்தப்புலமும் இருக்கின்றன. பந்துக்குப் பதிலாக எலக்ட்ரான், புரோட்டான் போன்ற கண்ணுக்குத் தெரியாத துகள்கள். பெரும்பாலான துகள்கள் ஒன்றிரண்டு தடவையில் நழுவிப் போய்விடும். ஒரு சில அதிர்ஷ்டசாலிகள் மட்டும் திரும்பத் திரும்ப மாட்டி, கடைசியில் வெளிச்சத்தின் வேகத்தை நெருங்கிவிடும். வெளிச்சத்தின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கி.மீ.! நகரும் காந்தப்புலங்களில் பட்டுத் தெறித்தே துகள்கள் வேகம் பெறலாம் என்ற எண்ணத்தை 1949-இல் முதலில் சொன்னவர் என்ரிக்கோ ஃபெர்மி. இரட்டை நட்சத்திரங்களின் காற்று மோதலில் இது எப்படி நடக்கும் என்று 1993-இல் ஐக்லர், உசோவ் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

'எங்கேயோ ஒரு நட்சத்திரத்தில் ஏதோ துகள் ஓடினால் எனக்கு என்ன?' என்று கேட்கிறீர்களா? உள்ளங்கையை மல்லாத்தி நீட்டுங்கள். ஒன்று முதல் அறுபது வரை எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் ஏறத்தாழ ஐம்பது துகள்கள் உங்கள் கையைத் துளைத்துக்கொண்டு போயிருக்கும்! வலிக்காது, பயப்படவும் வேண்டாம். விண்வெளியிலிருந்து வேகமாக வரும் துகள்கள் நம் காற்று மண்டலத்தில் மோதி உடைவதால் உண்டாகும் சிதறல்கள் அவை. வெளியிலிருந்து வரும் அந்தத் துகள்களுக்குக் காஸ்மிக் கதிர்கள் என்று பெயர். 1912-இல் விக்டர் ஹெஸ் பலூனில் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய் இவற்றைக் கண்டுபிடித்தார்.

நூறு ஆண்டு தாண்டிவிட்டது. ஆனால் இவை எல்லாம் எங்கிருந்து வருகின்றன என்பதற்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. ஏன் தெரியுமா? இந்தத் துகள்களுக்கு மின்சாரம் உண்டு. வழியில் இருக்கும் காந்தப்புலங்கள் அவற்றை வளைத்து வளைத்துத் திருப்பிவிடும். மழையில் நனைந்து அனுப்புநர் முகவரி அழிந்துபோன கடிதம் மாதிரிதான். கடிதம் கையில் இருக்கிறது, யார் போட்டது என்று தெரியாது. வெடித்துச் சிதறிய நட்சத்திரங்கள்தான் பெரும்பகுதியை அனுப்புகின்றன என்று நினைக்கிறார்கள். காமா வெலோரம் போன்ற இரட்டையரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். உண்மைதானா என்று தெரிய வேண்டுமானால், துகள்கள் வேகம் பெறும் இடத்திலேயே போய்க் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அதற்கு நம்மால் அங்கே போக முடியாது. ஆனால் ரேடியோ அலைகள் வளையாமல் நேராக நம்மிடம் வந்து சேரும்.

குடுமியான்மலைச் சுரங்கள்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் பக்கம் போனால் குடுமியான்மலை வரும். சுற்றுலா போனவர்கள் அங்கே பாறையில் வெட்டியிருக்கும் இசைக் கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். வரிசை வரிசையாகச் சுரங்கள்! பாடுகிறவர் கீழ்ச் சுரத்தில் பாடுகிறாரா, மேல் சுரத்தில் பாடுகிறாரா என்று பாட்டு கற்றுக் கொள்ளும் உங்களுக்கு உடனே தெரியும் இல்லையா? ரேடியோ அலைகளுக்கும் கீழ், மேல் உண்டு. அதை மெகாஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். திருச்சி எஃப்.எம். 102.1 என்கிறோமே, அது 102.1 மெகாஹெர்ட்ஸ்.

(ரேடியோ அலை சத்தம் அல்ல. அதுவும் ஒரு வகை ஒளிதான், கண்ணுக்குத் தெரியாத ஒளி. சுரம் என்பதை உவமையாக மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள்.)

இப்போது துப்பறியும் தந்திரத்தைக் கவனியுங்கள். வெறுமனே சூடாக இருக்கும் நட்சத்திரக் காற்றும் ரேடியோ அலைகளை அனுப்பும். ஆனால் அது மேல் சுரத்தில்தான் பலமாகப் பாடும், கீழே வர வரக் குரல் மெலியும். ஒளியின் வேகத்தை நெருங்கிய எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது வரும் ரேடியோ அலை இதற்கு நேர் எதிர். கீழ்ச் சுரத்தில் பலம், மேலே போகப் போக மெலிவு. ஆகவே ஒரே நட்சத்திரத்தைப் பல சுரங்களில் கேட்டுப் பார்த்தால், பாடுவது சூடா, வேகமா என்று சொல்லிவிடலாம்!

கீழ்ச் சுரத்தை நுணுக்கமாகக் கேட்க உலகில் உள்ள மிகச் சிறந்த கருவிகளில் ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. புனே நகருக்கு வடக்கே, நாராயண்காவ் ஊருக்கு அருகில் கோடாட் என்ற கிராமம். அங்கே ஒவ்வொன்றும 45 மீட்டர் அகலமுள்ள 30 ராட்சதக் கிண்ணங்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. 14 கிண்ணங்கள் நடுவில் நெருக்கமாக, மீதி 16 மூன்று கைகளாக நீண்டு, மொத்தம் 25 கி.மீ. அகலத்துக்குப் பரவியிருக்கின்றன. இதைச் சுருக்கமாக ஜி.எம்.ஆர்.டி. என்பார்கள். எல்லாக் கிண்ணங்களும் பிடிப்பதைக் கணிப்பொறியில் ஒன்று சேர்த்தால், 25 கி.மீ. அகலமுள்ள ஒரே கிண்ணம் போல நுணுக்கமாகப் பார்க்கும்.

இதைக் கட்டியவர் கோவிந்த் சுவரூப். ஊட்டியில் 530 மீட்டர் நீளத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறதே, 1970-இல் வேலை தொடங்கியது, அதுவும் அவர் கட்டியதுதான். அதற்கு அவர் செய்த உபாயத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பும் மரியாதையும் ஒன்றாக வரும். ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அதே 11 டிகிரி சாய்ந்திருக்கும் ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, அதன் மேல் தொலைநோக்கியைப் படுக்க வைத்துவிட்டார்! அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே திசையில் உருட்டினால் போதும், நட்சத்திரத்தின் பின்னாலேயே போகலாம். கோடாட்டில் வேறொரு உபாயம். கனமான தகடுகளுக்குப் பதிலாக மெல்லிய கம்பி வலையை இழுத்துக் கட்டினார். மீட்டர் கணக்கில் நீளமுள்ள அலைகளுக்கு வலையே கண்ணாடி போலத்தான். காற்று ஊடுருவிப் போய்விடும், செலவும் குறைவு. சுவரூப் 2020-இல் தமது 91-ஆம் வயதில் காலமானார்.

பனிமூட்டத்துக்குள் யார்?

முதலில் பிடிபட்டவரைச் சொல்கிறேன். அன்னம் என்று பொருள்படும் சிக்னஸ் நட்சத்திரக் கூட்டத்தில் 'டபிள்யூ.ஆர். 140' என்ற இரட்டையர் இருக்கிறார்கள். தூரம் 5,000 ஒளியாண்டுக்கு மேல். இவர்கள் ஒரு சுற்று சுற்ற ஏறக்குறைய 8 ஆண்டு ஆகிறது. பாதை நீள்வட்டம் என்பதால் ஒரு சமயம் நெருங்கி வருவார்கள், ஒரு சமயம் வெகுதூரம் விலகிப் போவார்கள். அதற்கேற்ப இவர்களது ரேடியோ ஒலிபரப்பு ஏறி இறங்குகிறது. பாடுவதும் வேகமான எலக்ட்ரானின் சுரத்தில்தான். 2005-இல் அமெரிக்க ரேடியோ தொலைநோக்கிகள் எடுத்த படங்கள் வெளியாயின. இரண்டு காற்றும் மோதும் இடம் வில் போல வளைந்து, நட்சத்திரங்கள் சுற்றச் சுற்ற அதுவும் திரும்புவது அவற்றில் தெரிந்தது. கையும் களவும்! 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி இதே இரட்டையரைச் சுற்றி 17 தூசி வளையங்களைக் காட்டியது. ஒவ்வொரு முறை நெருங்கும்போதும் காற்றுகள் இறுகி ஒரு வளையம். மரத்தை வெட்டினால் வயது வளையம் தெரியுமே, அது மாதிரி.

அப்படியானால் நம் மொட்டை மாடி நட்சத்திரம்? அது சுமார் 1,100 ஒளியாண்டு தூரத்தில்தான் இருக்கிறது. வுல்ஃப்-ரயே வகையில் நமக்கு மிக அருகில் உள்ளது அதுவே. கொடும்பாளூர் மூவர் கோவில் எழுந்த 10-ஆம் நூற்றாண்டில் கிளம்பிய வெளிச்சம்தான் இப்போது உங்கள் கண்ணில் விழுகிறது. இவ்வளவு பக்கத்தில் இருப்பவர் சுலபமாக மாட்டியிருக்க வேண்டும். மாட்டவில்லை!

2016-இல் ஒரு செய்தி வந்தது. காமா கதிர்களைப் பிடிப்பதற்காக 2008-இல் விண்ணில் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கியின் பதிவுகளில், காமா வெலோரத்தின் திசையிலிருந்து காமா கதிர்கள் வருவதாகத் தெரிந்தது. (பந்து விளையாட்டைச் சொன்ன அதே ஃபெர்மியின் பெயர்தான்.) காமா கதிர் என்றால் அங்கே வேகமான துகள்கள் இருக்க வேண்டும். ஆனால் காமா கதிர் தொலைநோக்கிக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். தெருவில் வெடிச் சத்தம் கேட்கிறது, எந்த வீட்டு வாசலில் என்று தெரியாதது போல.

எந்த வீடு என்று பார்க்க ஜி.எம்.ஆர்.டி.யைத் திருப்பினார்கள். அர்ஜென்டினாவைச் சேர்ந்த பவுலா பெனாலியா தலைமையில், புனே விஞ்ஞானி ஈஸ்வர சந்திராவும் சேர்ந்த குழு அது. 150 மெகாஹெர்ட்ஸ் வரை கீழே இறங்கிக் கேட்டார்கள். திருச்சி எஃப்.எம்.முக்குச் சற்று மேலே உள்ள சுரம்! 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். காமா வெலோரம் பாடியது சூடான காற்றின் சுரத்தில். வேகமான எலக்ட்ரானின் அடையாளம் தெளிவாகக் கிடைக்கவில்லை. அதோடு, நிலாவின் அகலத்தில் பதினைந்தில் ஒரு பங்கு தூரம் தள்ளி, ரேடியோவில் அதைவிடப் பல மடங்கு பிரகாசமான இன்னொரு பொருள் இருந்தது. காமா கதிர்கள் அந்த அண்டை வீட்டிலிருந்து வந்திருக்கலாமே என்றார்கள்.

சரி, நம் நட்சத்திரம் குற்றவாளி இல்லை என்று வழக்கை முடித்துவிடலாமா? அடுத்த ஆண்டே வேறொரு குழு ஃபெர்மியின் பதிவுகளை மறுபடி அலசியது. காமா கதிர்கள் எழுபத்தெட்டரை நாள் கணக்கில் கூடிக் குறைவது போல ஒரு சாயல் தெரிந்தது. அது இரட்டையர் சுற்றும் கணக்கு அல்லவா? அண்டை வீட்டுக்காரருக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்! ஆனால் அவர்களும் 'சாயல்' என்றுதான் சொன்னார்கள், 'சாட்சி' என்று சொல்லவில்லை. எனக்கு இந்த அடக்கம் பிடித்திருக்கிறது.

வேகமான எலக்ட்ரான்கள் அங்கே இருந்தும் நமக்குத் தெரியாமல் போக வாய்ப்பு உண்டா? உண்டு. மார்கழி அதிகாலையில் திருச்சி சாலையில் லாரி விளக்கு எப்படித் தெரியும்? பனிமூட்டத்தில் கிட்டே வரும்வரை தெரியாது. வுல்ஃப்-ரயே நட்சத்திரத்தின் காற்று, கீழ்ச் சுர ரேடியோ அலைகளுக்கு அப்படி ஒரு பனிமூட்டம். டபிள்யூ.ஆர். 140-இல் இரட்டையர் வெகுதூரம் விலகிப் போகும்போது, மோதல் நடக்கும் இடம் மூட்டத்துக்கு வெளியே வந்துவிடுகிறது. காமா வெலோரத்தில் இருவரும் எப்போதும் ஒட்டி உறவாடுகிறார்கள். மோதும் இடம் எந்நேரமும் மூட்டத்தின் நடுவிலேயே சிக்கியிருக்கிறது. எந்தச் சுரத்தில் கேட்டால் அடையாளம் தெரியுமோ, அந்தச் சுரத்தைத்தான் மூட்டம் விழுங்குகிறது! சுரத்தை மேலே ஏற்றினால் மூட்டம் விலகும், ஆனால் அங்கே சூடான காற்றின் குரல் மற்றதை அமுக்கிவிடும்.

ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் எஸ்.கே.ஏ. என்ற மிகப் பெரிய ரேடியோ தொலைநோக்கியைக் கட்டிக் கொண்டிருக்கிறார்கள். இந்தியாவும் அதில் பங்குதாரர். ஆஸ்திரேலியாவில் உள்ள பகுதி கீழ்ச் சுரங்களைக் கேட்பதற்காகவே கட்டப்படுகிறது. இரண்டு இடங்களிலும் காமா வெலோரம் நம் ஊரைவிட இன்னும் உயரத்தில் வரும்.

அதுவரை நீங்கள் பார்த்துக் கொண்டிருக்கலாம். ஏப்ரல் வரைக்கும் முன்னிரவில் தெரியும். ஏப்ரலில் பார்ப்பவர்கள் இருட்டியதுமே மாடிக்குப் போய்விடுங்கள். பைனாகுலர் இருந்தால் அதன் பக்கத்தில் ஒட்டினாற்போல ஒரு சின்ன நட்சத்திரம் தெரியும். 'ஆ, இரட்டையரைப் பார்த்துவிட்டேன்!' என்று குதிக்காதீர்கள். அது வேறு ஆள். நான் சொன்ன இரட்டையர் அந்தப் பெரிய புள்ளிக்குள்ளேயே இருக்கிறார்கள், பைனாகுலரால் பிரிக்க முடியாது. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று அவர்கள் ஒரு சுற்றைத் தொடங்கியிருந்தால், நீங்கள் முழு ஆண்டுத் தேர்வுக்குப் படிக்கும் மார்ச் மூன்றாம் வாரத்தில் அது முடிந்து அடுத்த சுற்று தொடங்கியிருக்கும்.